ரெசின் பாகங்களை மேடு பள்ளம் இல்லாமல் தேய்ப்பது: முழுமையான வழிகாட்டி

ரெசின் பாகத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது பெரிய வித்தை இல்லை, பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். சிக்கல் அதற்கப்புறம்தான். கைக்கு வழுக்கிக்கொண்டு போகிற அதே பாகம், பெயிண்டுக்கு அடிப்பூச்சாக அடிக்கும் சாம்பல் நிற பிரைமர் ஒரு கோட் ஏறியதும் பக்கவாட்டு வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும், கூராக நிற்க வேண்டிய விளிம்பு உருண்டு போயிருக்கும், அச்சுக்கோடு (அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் விழும் கோடு) இருந்த இடத்தில் கோட்டுக்குப் பதிலாக நீளமாக ஒரு பள்ளம் ஓடும். வழவழப்பு வேறு, மட்டம் வேறு. வழவழப்பைத் தருவது உப்புத்தாளின் நம்பர். மட்டத்தைத் தருவது அந்தத் தாளுக்குப் பின்னால் எதை வைத்துத் தேய்க்கிறீர்கள் என்பது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் 2000 நம்பர் வரை போன பிறகும் பாகம் கோணலாகவே இருக்கிறது.

அதனால் இதில் நம்பரைவிடக் கட்டையைப் பற்றியும் கையைப் பற்றியும்தான் அதிகம் இருக்கும்.

கையில் இருப்பது எந்த ரெசின்?

மாடல் வேலையில் பெரும்பாலும் இரண்டு வகைதான் வரும். சிலிகான் அச்சில் ஊற்றி வார்த்த பாலியூரிதேன் ரெசின் ஒன்று, கராஜ் கிட் எனப்படும், சிறு அளவில் வார்த்து விற்கும் மாடல் உருவங்களும் மாற்றுப் பாகங்களும் இதில்தான் வருகின்றன. புற ஊதா ஒளியால் அடுக்கடுக்காக உறைய வைத்த பிரிண்டர் ரெசின் இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளால் தேய்க்கலாம், ஆனால் குணம் ஒன்றில்லை. வார்த்த ரெசின் சீக்கிரம் தேயும், சூடு பட்டால் இளகும், உள்ளே காற்றுக் குமிழிகள் ஒளிந்திருக்கும். பிரிண்டர் ரெசின் முழுக்க உறைந்துவிட்டால் கெட்டி, பெரும்பாலான ரகங்கள் கொஞ்சம் நொறுங்கும் சுபாவம் உள்ளவை, வாள்முனை, விரல், ஆண்டெனா போன்ற மெல்லிய இடங்களை அழுத்தினால் வளைந்து கொடுக்காது, பட்டென்று உடையும்.

பிரிண்ட் செய்த பாகம் உள்ளே வெற்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ரெசினை மிச்சப்படுத்த இப்படி அடிப்பது வழக்கம், சுவர் 2 மி.மீ. கனம்தான் இருக்கும். ஒரே இடத்தில் முரட்டுத் தாளால் தேய்த்துக்கொண்டே போனால் ஓட்டை விழும், உள்ளே கழுவாமல் விட்ட திரவ ரெசின் இருந்தால் அதுவும் வெளியே வழியும்.

தூசியை முதலில் கவனியுங்கள்

ரெசின் தூசி மிக நுண்ணியது, மூச்சில் போகக்கூடாது. துணி மாஸ்க் போதாது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 குறைந்தபட்சம், நிறைய வேலை இருந்தால் பி100 வடிகட்டி போட்ட ரெஸ்பிரேட்டர். அதைவிட நல்ல வழி, தூசியே கிளம்பாமல் ஈரத்தில் தேய்ப்பது. உலர்வாகத் தேய்த்தே ஆக வேண்டிய இடங்கள் சில உண்டு, அங்கே மட்டும் மாஸ்க்கோடும் காற்றோட்டத்தோடும் செய்யுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

உறையாத பிரிண்டர் ரெசின் வேறு ரகம். அது தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையைக் கிளப்பும், ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலே உடம்பு காட்டிவிடும். அதனால் பிசுபிசுப்பு இருக்கும் பாகத்தைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். ‘அரைகுறையாக உறைந்திருக்கும்போது தேய்த்தால் சுலபம்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சுலபம்தான், ஆனால் அந்தத் தூசியில் உறையாத ரெசின் கலந்திருக்கிறது, தாளும் இரண்டு இழுப்பில் அடைத்துக்கொள்ளும். நைட்ரைல் கையுறையோடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலரவிட்டு, 405 நானோமீட்டர் விளக்கில் முழுக்க உறைய வைத்து, நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலைக்கு வந்த பிறகு தாளை எடுங்கள்.

வார்த்த ரெசினில் வேறொரு தொல்லை. அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை மேலேயே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், பாகம் வளைந்துவிடும். ஏற்கெனவே வளைந்து வந்த பாகம் என்றால் இதே குணத்தை வைத்து, சுடுநீரில் சற்று நேரம் போட்டு நிமிர்த்தி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் விடலாம். அதையும் தேய்க்கும் முன்பே செய்துவிடுங்கள். வளைந்த பாகத்தைத் தேய்த்துத் தேய்த்து நேராக்க நினைத்தால் நடுவில் கனம் போய்விடும்.

தாளும் நம்பரும்

கறுப்பாக இருக்கும் சிலிகான் கார்பைடு வாட்டர் பேப்பரை வாங்குங்கள். தண்ணீரில் ஊறினால் பிய்ந்து போகும் மரவேலைத் தாள் இதற்கு ஆகாது. நம்பர் கூடக் கூடத் துகள் சிறிதாகும் என்பது தெரிந்ததுதான், ஆனால் எவ்வளவு சிறிது என்று தெரிந்துகொண்டால் எதற்கு எதை எடுப்பது என்பது தானாகப் புரியும். பி240 தாளின் துகள் சராசரியாக 58.5 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.), பி400 என்றால் 35, பி600 என்றால் 26க்குச் சற்றுக் குறைவு, பி800 ஏறக்குறைய 22, பி1000 சுமார் 18. ஒரு பிரிண்ட் அடுக்கின் உயரம் வழக்கமாக 50 மைக்ரான். 800 நம்பர் தாளை வைத்து அடுக்குக் கோட்டை அழிக்கப் பார்த்தால் ஏன் விடியவிடியத் தேய்க்க வேண்டியிருக்கிறது என்பது இப்போது தெரிகிறதல்லவா?

நம்பருக்கு முன்னால் ‘பி’ என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஐரோப்பிய அளவுமுறை. அமெரிக்க அளவுமுறையில் வெறும் 400 என்று போட்டிருந்தால் அது கிட்டத்தட்ட பி800 அளவுக்கு நைஸானது, வெறும் 600 என்பது பி1200க்குப் பக்கத்தில் வரும். இரண்டு முறைத் தாளையும் கலந்து வைத்துக்கொண்டால் வரிசை குழம்பிவிடும். இங்கே நான் சொல்லும் நம்பர் எல்லாம் பி வரிசைதான்.

240, 320, 400, 600, 800, 1000 இருந்தால் பெயிண்ட் அடிக்கப்போகும் பாகத்துக்குப் போதும். முரட்டுத் தாளை எடுக்கத் தயங்குகிறவர்கள் நிறைய. அந்தத் தயக்கம்தான் பாகத்தைக் கெடுக்கிறது. வடிவத்தைச் சரிசெய்யும் வேலை மொத்தமும் நீங்கள் எடுக்கும் முதல் தாளிலேயே முடிந்துவிட வேண்டும், அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரே வேலை, முந்தைய தாள் போட்ட கீறலை எடுப்பது. 600க்குப் போன பிறகு ஒரு மேட்டைக் கண்டுபிடித்தால் 600ஐ வைத்து அதோடு மல்லுக்கட்டாமல் திரும்ப 320க்கு இறங்கிவிடுங்கள்.

தாளுக்குப் பின்னால் என்ன?

விரல் நுனியில் தாளைச் சுற்றித் தேய்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. விரல் நுனி மெத்தென்று இருக்கும், நடுவில் அழுத்தம் அதிகம், ஓரத்தில் குறைவு. மேட்டைத் தேய்க்கும்போதே பக்கத்துப் பள்ளத்துக்குள்ளும் இறங்கி அதையும் தேய்க்கும். கெட்டியான கட்டை அப்படியில்லை, மேடு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் அது தொடும். மட்டம் என்பது அவ்வளவுதான்.

ஆகவே தட்டையான பரப்புக்குக் கெட்டியான கட்டை: அக்ரிலிக் துண்டு, அலுமினியப் பட்டை, நேராக அறுத்த மரத்துண்டு, எதுவானாலும் சரி, முகம் நேராக இருந்தால் போதும். இரட்டைப் பக்க டேப்பால் தாளை ஒட்டுங்கள், டேப்பில் சுருக்கம் விழுந்தால் அந்தச் சுருக்கமே பாகத்தில் இறங்கும். சிறு இடங்களுக்கு ஐஸ்குச்சியில் ஒட்டிய தாள், அதன் நுனியைச் சாய்வாக வெட்டினால் மூலைக்குள்ளும் போகும். லேசான வெளிவளைவுக்கு அழிரப்பர் அல்லது கெட்டி ஸ்பாஞ்ச். முழுக்க உருண்டையான இடங்களுக்கு ஸ்பாஞ்ச் முதுகு கொண்ட தாள். உள்வளைவுக்கு அந்த வளைவைவிடச் சற்றுச் சின்ன சுற்றளவுள்ள உருளை எதுவும் ஆகும், டிரில் பிட்டின் வழவழப்பான தண்டு, பிரஷ் கைப்பிடி, பல்குத்தி என்று கைக்குக் கிடைப்பது. கட்டையின் வடிவம் பாகத்தின் வடிவத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

ஒரு பெரிய கண்ணாடித் துண்டும் வாங்கி வையுங்கள், கனமாக, ஓரம் மழுக்கியதாக. அதற்கு இணையான மட்டம் வீட்டில் வேறு எதிலும் சுலபத்தில் கிடைக்காது.

மின்கருவி பற்றி ஒரு வார்த்தை. சுழலும் ரோட்டரி கருவியைத் தேய்ப்பு வேலைக்குப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடச் சொல்வேன். வேகமாகச் சுழலும்போது வரும் சூட்டில் ரெசின் இளகிப் பிசினாகும், இல்லையென்றால் ஒரு நொடியில் குழி விழும். உள்ளே மறையப்போகும் இணைப்புக் கட்டிகளைக் குறைக்க வேண்டுமானால், ஆகக் குறைந்த வேகத்தில் பயன்படுத்தலாம்.

தேய்க்கும் முன் வெட்டலும் சுரண்டலும்

ரெசின் ஊற்றிய வாயில் பாகத்தோடு ஒட்டியிருக்கும் கட்டியை நிப்பரால் ஒட்டக் கடிக்காதீர்கள், பாகத்துக்குள்ளே இருந்து ஒரு சில்லைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒன்றிரண்டு மி.மீ. விட்டு நுண்பல் ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை அரத்தால் இறக்கி, கடைசி முடி கனம் மட்டும் தாளுக்கு விடுங்கள். பிரிண்ட்டின் தாங்குதூண்களுக்கும் அதேதான். முழுக்க உறைய வைக்கும் முன், கழுவியபின், தூண்களைக் கழற்றிவிட்டால் குழி விழுவது குறையும். அதற்கப்புறம் உறைய வைத்துவிட்டு மிச்சமிருக்கும் மொட்டுகளைத் தேயுங்கள்.

பிசிறையும் அச்சுக்கோட்டையும் கத்தியால் சுரண்டுவது தாளைவிட வேகம், தூசியும் கம்மி, துருவல் துருவலாகத்தான் வரும். பிளேடின் முதுகுப் பக்கத்தை, இழுக்கும் திசைக்குச் சற்றுச் சாய்த்து, அழுத்தமே இல்லாமல் இழுங்கள். பிளேடு தடதடவென்று குதித்தால் படிக்கட்டு மாதிரி வரிவரியாக விழும், உடனே சாய்வை மாற்றுங்கள். அச்சின் இரண்டு பாதிகளும் நகர்ந்து ஒரு பக்கம் படியாக நின்றால் சுரண்டல் மட்டும் போதாது, உயர்ந்த பக்கத்தை இறக்கித் தாழ்ந்த பக்கத்துக்குக் கொஞ்சம் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் கலவை, வைக்க வேண்டிவரும்.

தட்டையான முகம்

ஒரு உருவத்தின் உடல் இரண்டு பாதியாக வந்திருக்கிறது, சேர்த்து வைத்தால் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு முகம் முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போடுங்கள். 240 தாளைக் கண்ணாடி மேல் இறுக்கமாக ஒட்டி, இரண்டு சொட்டு பாத்திரத் திரவம் கலந்த தண்ணீர் தெளித்து, பாகத்தை அதன் மேல் வையுங்கள்.

இப்போது பாகத்தை எங்கே பிடிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மேலே தலைப்பக்கம் பிடித்து முன்னே தள்ளினால் பாகம் முன்னால் சாய முயலும், முன்விளிம்பு தாளுக்குள் குத்தும், பின்விளிம்பு தூக்கும், பத்து இழுப்பில் முகம் சரிவாகிவிடும். தாளுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு தாழ்வாக, இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பிடியுங்கள். தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள். தூக்குங்கள், திரும்ப முன்னால் வையுங்கள், இழுங்கள். ஏழெட்டு இழுப்புக்கு ஒருமுறை பாகத்தைக் கால் வட்டம் திருப்புங்கள், அப்போதுதான் உங்கள் கையின் பாரபட்சம் நாலு பக்கமும் பங்காகும். எட்டு வடிவத்தில் சுற்றித் தேய்ப்பதும் நல்ல முறைதான், ஆனால் கை பழகும் வரை இழுத்துத் திருப்புவதே நம்பிக்கையானது.

நடுவில் எடுத்துப் பாருங்கள். பென்சில் அழிந்த இடம் மேடு, இருக்கும் இடம் பள்ளம். ஒரு மூலையில் மட்டும் பென்சில் அழியாமல் நிற்கிறது என்றால் அந்த மூலையை அழுத்தித் தேய்க்கத்தான் கை துறுதுறுக்கும். அழுத்தினால் மூலையில் பென்சில் போகும், கூடவே முகமும் அந்தப் பக்கம் சரியும். நடுவிலேயே அழுத்தம் வைத்து, மற்ற இடங்கள் இறங்கி அந்த மூலையைத் தொடும் வரை அப்படியே போங்கள். அவ்வளவு கனம் குறைக்க முடியாத பாகம் என்றால் நிறுத்திவிட்டு அந்த மூலைக்குப் பட்டி வைப்பதே புத்திசாலித்தனம். கனம் முக்கியமான பாகங்களில் தொடங்கும் முன்பே வெர்னியர் காலிப்பரால் நாலு மூலையும் அளந்து எழுதி வைத்துக்கொண்டால் எங்கே சாய்கிறது என்பது நடுவிலேயே தெரிந்துவிடும்.

இணைப்பு முகத்தை 240 அல்லது 320லேயே நிறுத்திவிடுங்கள். பசை பிடிக்க அந்தச் சொரசொரப்பு வேண்டும்.

வெளியே தெரியும் தட்டைப் பரப்பு என்றால், பெரிய கவச வாகனத்தின் பக்கச் சுவர் மாதிரி, பாகத்தை மேசையில் அசையாமல் வைத்துக் கட்டையை நகர்த்துவது நல்லது. கட்டையில் பாதிக்கு மேல் எப்போதும் பரப்பின் மேலேயே இருக்கட்டும். ஓரத்தைத் தாண்டிக் கட்டை தொங்கினால் விளிம்பு உருளும். விளிம்பு கூராக வேண்டுமென்றால் விளிம்பிலிருந்து உள்நோக்கி இழுங்கள், உள்ளேயிருந்து வெளியே போகாதீர்கள்.

வளைவில் ஓடும் கோடு

உருவத்தின் தொடையிலோ தோளிலோ ஓடும் அச்சுக்கோட்டில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கோடு போகும் திசையிலேயே தாளை இழுப்பது இயல்பாக வரும். அப்படிச் செய்தால் கோடு இருந்த வழியில் பள்ளம் விழும், ஏனென்றால் அந்த ஒரே கீற்றுதான் எல்லா இழுப்பையும் வாங்குகிறது. குறுக்காகப் போங்கள். கோட்டுக்கு 45 பாகை சாய்வில் சில இழுப்பு, அப்புறம் எதிர்ச்சாய்வில் சில இழுப்பு, கீறல்கள் பெருக்கல் குறி மாதிரி விழட்டும். கோட்டின் இரண்டு பக்கமும், பாகத்தின் அளவைப் பொறுத்து, ஒரு செ.மீ. வரை தேய்ப்பு பரவட்டும். தேய்த்த இடம் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியக்கூடாது.

தசை மடிப்பு, துணிச் சுருக்கம் இருக்கும் இடத்தில் ஸ்பாஞ்ச் முதுகுத் தாளைச் சிறு துண்டாக வெட்டி, அந்த வளைவின் மேலே உருட்டியபடி நகர்த்துங்கள். கை மணிக்கட்டிலிருந்து திரும்ப வேண்டும், விரல் மட்டும் அசைந்தால் ஒரே இடம் தேயும்.

உருளைகள், அதாவது துப்பாக்கிக் குழல், குழாய், கம்பம், இவை கண்ணுக்குத் தெரியாமல் கெடும். 6 மி.மீ. குறுக்களவுள்ள குழலில் கோட்டை எடுக்கிறேன் என்று ஒரே இடத்தில் 0.1 மி.மீ. ஆழம் தட்டைக் கட்டையால் தேய்த்தால், ஒன்றரை மி.மீ. அகலத்துக்குத் தட்டை விழுந்துவிடும். தேய்த்த ஆழம் அற்பம், ஆனால் உலோக நிறம் அடித்ததும் அந்தத் தட்டையில் வெளிச்சம் பளிச்சென்று தனியாக நிற்கும். இதற்கு வழி, தாளை நீளமான பட்டையாக வெட்டி, பின்பக்கம் டேப் ஒட்டி, குழலைப் பாதி சுற்றிப் பிடித்து இரண்டு முனையையும் மாறி மாறி இழுப்பது, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவர் துணியை இழுப்பதைப் போல. சில இழுப்புக்கு ஒருமுறை குழலைக் கால் சுற்று திருப்புங்கள், பட்டையைக் குழல் நெடுக நகர்த்திக்கொண்டே இருங்கள். கோடு இல்லாத பக்கத்தையும் சேர்த்தே தேய்க்க வேண்டும், வட்டம் வட்டமாகவே சிறுத்தால் யாருக்கும் தெரியாது.

நுணுக்க வேலைப்பாட்டுக்குப் பக்கத்தில் தேய்க்கும்போது அதன் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிவிடுங்கள். தாள் தவறிப் போனால் டேப் கிழியும், ரிவெட் தப்பிக்கும்.

பிரிண்ட்டின் அடுக்குக் கோடு

செங்குத்தான பக்கங்களில் அடுக்குக் கோடு அவ்வளவாகத் தொல்லை தராது. படுத்த சரிவுகளில்தான் பிரச்சினை. 50 மைக்ரான் அடுக்கில் 45 பாகைச் சரிவு என்றால் ஒவ்வொரு படியும் 0.05 மி.மீ. அகலம்தான், கண்ணுக்கே தெரியாது. அதே அடுக்கு 5 பாகைச் சரிவில் அரை மி.மீ.க்கு மேல் அகலமான படியாக விரியும், ஹெல்மெட்டின் உச்சி, காரின் மேற்கூரை மேலெல்லாம் வரைபட வளையம் மாதிரி தெரிவது இதனால்தான். எல்லா இடத்தையும் ஒரே அளவு தேய்க்காமல், வளையம் தெரியும் உச்சியில் 320லும் பக்கங்களில் 400 அல்லது 600லும் தொடங்கினால் வடிவம் கெடாது. உச்சியில் மேலே பென்சில் கிறுக்கிவிட்டு ஸ்பாஞ்ச் முதுகோடு தேயுங்கள், பென்சில் படியின் உள்மூலையில் மட்டும் மெல்லிய வளையமாக மிச்சமிருக்கும், அது மறையும் கணத்தில் நிறுத்துங்கள். படிகள் பெரிதாக இருந்தால் அவ்வளவையும் தேய்த்து எடுப்பதைவிட நிரப்பும் பிரைமர் ஒன்றிரண்டு கோட் அடித்துவிட்டுத் தேய்ப்பது நல்லது. தேய்ப்பு குறையும், வடிவமும் தப்பும்.

தூண் இருந்த இடத்தில் மொட்டு இருந்தால் தேயுங்கள், குழி இருந்தால் தேய்க்காதீர்கள், நிரப்புங்கள். குழி மறையும் வரை சுற்றிலும் இறக்குவது என்பது சின்னக் குழியைப் பெரிய பள்ளமாக்குவதுதான்.

குமிழிகளும் பட்டியும்

வார்த்த ரெசினைத் தேய்க்கத் தேய்க்க மேல்தோலுக்கு அடியில் இருந்த குமிழிகள் ஊசிமுனை ஓட்டைகளாகத் திறக்கும். அதற்கு மேலும் தேய்த்தால் அடியில் இருக்கும் அடுத்த குமிழி திறக்கும், அவ்வளவுதான் லாபம். ஊசியால் வாயைச் சற்றுப் பெரிதாக்கி, தூசியைத் துடைத்து, சயனோ பசையில் (சூப்பர் க்ளூ) டால்கம் பவுடர் கலந்து வையுங்கள். வெறும் பசை கெட்டியாக உறையும், பவுடர் கலந்தால் ரெசின் அளவுக்கே தேயும். எப்படியானாலும் அன்றே தேய்த்துவிடுங்கள், விட்டால் இன்னும் கெட்டியாகும். பிரிண்ட் பாகத்தில் அதே ரெசினைத் துளி வைத்து புற ஊதா டார்ச்சால் உறைய வைத்தால் கெட்டித்தன்மை இரண்டும் ஒன்றாகிவிடும், இதைவிட நல்ல பட்டி அதற்கு இல்லை. டியூபில் வரும் லாக்கர் பட்டி உலரும்போது சுருங்கும், ஒரு நாளாவது விடுங்கள்.

பட்டி ரெசினைவிடக் கெட்டியாக இருந்தால் விரலால் தேய்க்கும்போது சுற்றியுள்ள ரெசின் மட்டும் இறங்கிப் பட்டி மேடாக நிற்கும், இளகலாக இருந்தால் பட்டி குழியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, பட்டியைவிட மூன்று நான்கு மடங்கு நீளமான கெட்டிக் கட்டை. நல்ல ரெசினில் இரண்டு முனையும் ஊன்றிக்கொண்டு போகும் கட்டை பட்டியை மட்டும்தான் இறக்கும்.

பிரைமர் சொல்லும் உண்மை

400 முடிந்ததும் ஒரு மெல்லிய கோட் சாம்பல் பிரைமர் அடித்துப் பாருங்கள். ரெசினின் வெளிர்நிறமும் ஒளி ஊடுருவும் தன்மையும் மறைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வரும். அடிக்கும் முன் கழுவி உலர்த்துங்கள், கீறலுக்குள் மாவு இருந்தால் பிரைமர் அதைத்தான் பிடிக்கும். ஸ்பிரே ஆவிக்குத் தூசி மாஸ்க் போதாது, ஆவி வடிகட்டி கொண்ட ரெஸ்பிரேட்டர் வேண்டும்.

அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கைப் பாகத்தின் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, பாகத்தை மெதுவாகத் திருப்புங்கள். நிழல் வளைந்து நெளிந்தால் மேடு பள்ளம். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் 800 தாளைக் கட்டையில் வைத்து ஈரத்தில் லேசாக நாலு இழுப்பு இழுங்கள். மேடான இடத்தில் பிரைமர் முதலில் போய் ரெசின் எட்டிப் பார்க்கும், பள்ளத்தில் சாம்பல் அப்படியே இருக்கும். பள்ளம் மெல்லிதாக இருந்தால் இன்னொரு கோட் பிரைமரே அதை நிரப்பிவிடும், ஆழமாக இருந்தால் பட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். மிஸ்டர் சர்ஃபேசர் போன்ற மாடல் பிரைமர்களில் 500 என்று போட்டிருப்பது கெட்டியானது, சிறு கீறலை நிரப்பும், 1500 நைஸானது, கடைசிக் கோட்டுக்கு ஏற்றது.

எங்கே நிறுத்துவது?

ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காக இழுங்கள். அப்போது பழைய கீறல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்ததும் தெரியும். அது போகும் வரை அடுத்த நம்பருக்குப் போக வேண்டாம். நம்பரைத் தாண்டும்போது பாகத்தையும் கையையும் கழுவி, கிண்ணத்துத் தண்ணீரையும் மாற்றுங்கள், 320இன் ஒரு துகள் 800க்கு அடியில் மாட்டினால் ஒரே இழுப்பில் நீளமாகக் கோடு போட்டுவிடும். தாள் வெட்டுவது நின்று வெறுமனே வழுக்க ஆரம்பித்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். அழுத்தத்தைக் கூட்டாமல் தாளை மாற்றுங்கள், அழுத்தம் கூடும்போதுதான் மட்டம் போகிறது.

மேட் பெயிண்ட் அடிக்கப்போகும் பாகத்தை 600 அல்லது 800இல் நிறுத்திவிடலாம். பளபளப்பான பெயிண்டும் உலோக நிறமும் கீறலைக் காட்டிக்கொடுக்கும், அவற்றுக்குப் பிரைமரின் மேல் 1000, 1500 வரை போங்கள். வெறும் ரெசினை 2000 வரை மெருகேற்றிவிட்டுப் பிரைமர் அடிப்பது வீண்வேலை மட்டுமில்லை, பிரைமர் பிடிக்க இடமில்லாமல் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும்.

கண்ணாடிபோல் தெளிவான ரெசின் மட்டும் இதற்கு விலக்கு. அதில் பிரைமர் உதவிக்கு வராது, ஒவ்வொரு கீறலும் உள்ளே வரை தெரியும். 800, 1000, 1500, 2000, 3000 என்று ஒன்றையும் விடாமல் போய், கடைசியில் பாலிஷ் பசையைப் பருத்தித் துணியில் வைத்துத் தேய்க்க வேண்டும். நனைத்துப் பார்த்தால் தெளிவாகவும் உலர்ந்தால் மங்கலாகவும் இருந்தால் நுண்கீறல் மட்டும்தான் மிச்சம், பாலிஷ் போதும். நனைத்த பிறகும் கோடு தெரிந்தால் இரண்டு நம்பர் பின்னால் போங்கள்.

தேய்த்த தண்ணீரை வடிகாலில் ஊற்றாதீர்கள். கிண்ணத்தை ஓர் இரவு அசைக்காமல் வைத்தால் மாவெல்லாம் அடியில் படியும், மேல் தண்ணீரைப் பழைய துணியில் வடிகட்டிவிட்டு, வண்டலையும் துணியையும் காகிதத்தில் சுற்றி, பிரிண்டர் ரெசின் என்றால் வெயிலில் ஒரு நாள் காயவைத்து, உலர்குப்பையில் போட்டுவிடுங்கள்.